பெரட்டும் பரேடும்



இளைஞனை வீரனாக்குவது பயிற்சியா, பற்றா? நான் பற்று அணி. எனக்கு முன்னால் பேசிய நண்பர் சோவியத் நாட்டையே கொண்டுவந்து மேடையில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார். இரண்டு உலகப் போருக்கும் நடுவிலே அங்கே பிள்ளைகளை எப்படி வளர்த்தார்கள் தெரியுமா என்று கேட்டார். தெரியுங்க. 1922-ல் சின்னப் பிள்ளைகளுக்குப் பயனியர் இயக்கம், கழுத்திலே சிவப்புத் துணி. 1927-ல் ஓசோஅவியாகிம்னு ஒரு சங்கம். பேரைச் சொல்றதுக்குள்ளே நாக்கு சுளுக்கிக்கும். (சிரிப்பு) அதிலே துப்பாக்கி சுடலாம், பாராசூட்டில் குதிக்கலாம், விஷவாயு முகமூடி மாட்டப் பழகலாம். கீவ் நகரத் தொழிற்சாலையில் வேலை பார்த்த லியுத்மிலா பாவ்லிச்சென்கோ என்ற பெண் இப்படிப் பழகித்தான் பின்னாளில் 309 எதிரிகளைச் சுட்டதாகச் சோவியத் கணக்கு. நான் மறுக்கலை.

ஆனா நண்பர் ஒண்ணை விட்டுட்டார். அந்த நாட்டு இளைஞர் இயக்கமான கொம்சொமோலுக்கு 1929 முதல் தலைவராக இருந்தவர் கோசரேவ். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நாட்டுப்பற்று சொல்லிக் கொடுத்தவர். 1938-ல் அவரைக் கைது செய்து, 1939-ல் சுட்டுக் கொன்றது அவருடைய அரசாங்கமேதான். வாத்தியாருக்கே இந்தக் கதி என்றால், மாணவன் மனசிலே இருந்தது பற்றா பயமா என்று யார் பிரித்துச் சொல்வது?

பள்ளிக்கூடம், தொழிற்சாலை, பத்திரிகை, சினிமா எல்லாம் கையில் இருந்த அரசாங்கம் அது. இப்படி எதுவுமே இல்லாத இடத்திலே, தமிழ்ப் பிள்ளைகள் தானாக வந்து வரிசையில் நின்ற கதை ஒண்ணு இருக்கு. உங்க ஐயாமார் கொண்டுவிற்கப் போனாங்களே, கிட்டங்கி வச்சிருந்தாங்களே, அந்தச் சிங்கப்பூரிலேயும் மலாயாவிலேயும் பர்மாவிலேயும் நடந்த கதை.

1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வருகிறார். அக்டோபர் 22, வாட்டர்லூ தெருவில் ஜான்சி ராணி படைக்கு முகாம் திறக்கிறார்கள். தலைவி, சென்னையில் மருத்துவம் படித்த டாக்டர் லட்சுமி. ஜான்சி ராணிக்கு எழுபது வருஷத்துக்கும் முன்னாலே, 1780-ல் சிவகங்கையை மீட்ட எங்க வேலு நாச்சியார் பேரை வச்சிருக்கக் கூடாதா என்று நீங்க முணுமுணுக்கிறது காதிலே விழுது. எனக்கும் அந்தக் குறை உண்டு. (கைதட்டல்)

யார் வந்து சேர்ந்தாங்க? கோலாலம்பூரில் ஜானகி தேவர், பதினெட்டு வயசு. நேதாஜி பேச்சைக் கேட்டுக் காதிலே கிடந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்தவர். ஈப்போவில் ராசம்மா, பதினாறு வயசு, அக்காள் தங்கையாக வந்தவர்கள். இவங்க படித்த வீட்டுப் பெண்கள். இவங்களோடு, ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் நிறையப் பேர். அதிலே பல பேர் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததே இல்லை. பார்க்காத நாட்டுக்காக ஒரு பிள்ளை ஏன் துப்பாக்கி தூக்கணும்?

தோட்டத்திலே விடியக்காலம் ஆள் கணக்கெடுக்க வரிசையாக நிறுத்துவதற்குப் பெரட்டு என்று பேர். பரேடு என்ற இங்கிலீஷ் சொல்தான் நம்ம ஜனங்க வாயிலே பெரட்டு ஆச்சு. அந்தப் பெரட்டிலே கிராணி அதட்டுவார், கங்காணி ஏசுவார், தலை குனிஞ்சு நிக்கணும். முகாமிலேயும் விடியக்காலம் வரிசைதான். ஆனால் இங்கே தலை நிமிர்ந்து நிக்கணும். சட்டை, கால்சட்டை, தோளில் ரைபிள். பணக்கார வீட்டுப் பெண்ணும் பால் வெட்டின பெண்ணும் ஒரே வரிசை, ஒரே பந்தி. சொல் ஒண்ணுதான், நிற்கிற நிலை வேற. அந்த மரியாதையைக் கொடுத்த இடத்தை அந்தப் பிள்ளை தன் நாடு என்று நினைத்தாள். நான் சொல்லுகிற பற்று இதுதான்.

இதற்கு நம்ம நகரத்தாரே ஒரு சாட்சி. சிங்கப்பூர் செட்டியார் கோயிலுக்கு நேதாஜியைத் தசரா சமயத்தில் அழைத்தார்கள். எல்லாச் சாதியும் எல்லா மதமும் உள்ளே வரலாம் என்றால் வருகிறேன் என்றார் அவர். ஒத்துக்கொண்டார்கள். முஸ்லிம் அதிகாரிகளையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். தமிழ்நாட்டிலே வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அரிசன மக்களை அழைத்துச் சென்று அப்போது நான்கே வருஷம்தான் ஆகியிருந்தது என்பதை நினைச்சுப் பாருங்க.

எதிரணிக்காரர் சிரிக்கிறார். பசிக்கு வந்தார்கள் ஐயா, பற்றாவது ஒண்ணாவது என்கிறார். உண்மைதான், பசியும் இருந்தது. அப்போது மலாயா ஜப்பான்காரன் கையிலே. அரிசி கிடையாது. சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட, தோட்டத்துத் தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோனான். காலராவிலும் பட்டினியிலும் ஏராளமானவர்கள் திரும்பவே இல்லை. அந்த ரயிலுக்குத் தப்ப முகாமே மேல் என்று வந்தவர்கள் உண்டு. அந்த ஜப்பான்காரனோடு கைகோத்த இராணுவம்தானே இது என்றால், அந்த முள் எனக்கும் குத்தத்தான் செய்யுது. ஆனா பசிக்கு வந்தவன் சோறு தீர்ந்ததும் போயிருக்கணுமே? 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது சோறும் இல்லை, வண்டியும் இல்லை, மேலே விமானம். அந்தப் பெண்கள் இரவிலே சேற்றிலே நடந்தார்கள். நேதாஜியும் கூடவே நடந்தார்.

இன்னொண்ணு. எதிரணி சொல்வது போலப் பயிற்சிதான் எல்லாம் என்றால் இந்தப் படையின் கணக்கு நஷ்டக் கணக்கு. சுடப் பழகினார்கள், போர்முனைச் சண்டைக்கு அனுப்பப்படவே இல்லை. பர்மாவில் ஆஸ்பத்திரியிலே காயத்துக்குக் கட்டுப் போட்டார்கள். பழகின துப்பாக்கி வீண். ஆனா நிமிர்ந்த தலை குனியலையே! ஜானகி, மலேசிய மேலவை உறுப்பினரானார். ராசம்மா பள்ளிக்கூட டீச்சர் ஆனார். 1960-ல் மலாயா ஆசிரியைகள் சங்கத்துக்குத் தலைவியாக நின்று, ஆம்பளை வாத்தியாருக்கு என்ன சம்பளமோ அதுவே எங்களுக்கும் என்று கேட்டு, அதை வாங்கியும் காட்டினார்கள்.

நடுவர் மணியிலே கை வைத்துவிட்டார். (கைதட்டல்)