அரிப்புக் கடற்கரையில் ஓர் இடிந்த மாளிகை

மன்னாருக்குத் தெற்கே, அருவியாறு கடலொடு கலக்கும் இடத்தையடுத்து அரிப்பு என்னும் ஊர் உள்ளது. அங்கிருந்து சிலாவத்துறைப் பக்கமாகச் சிறிது தூரம் சென்றால், கடலை நோக்கிய மேட்டின் விளிம்பிலே இடிந்த செங்கற் சுவர்கள் சில நிற்கக் காணலாம். உயர்வகுப்பு மாணவர் சிலருடன் அண்மையில் நாம் அங்குச் சென்றிருந்தோம். கூரை இல்லை; மாடி இல்லை; கடல் அரித்து வீழ்த்திய சுவர்த் துண்டுகள் மணலிற் கிடந்தன.

“சேர், இதுதானே அல்லிராணி கோட்டை?” என்று மாணவனொருவன் கேட்டான்.

அப்பகுதி மக்கள் அவ்வாறுதான் கூறுகின்றனர். அருச்சுனனை மணந்த அல்லி இங்கிருந்து ஆண்டாள் என்பது கதை. உண்மை வேறு. இதனைக் கட்டுவித்தவர் இலங்கையின் முதற் பிரித்தானியத் தேசாதிபதியான பிரெடெரிக் நோர்த். 1798 முதல் 1805 வரை ஆட்சி புரிந்த அவர், 1801இல் இவ்வேலையைத் தொடங்கி 1804 அளவில் முடித்தார். கிரேக்க டொறிக் பாணித் தூண்களையுடைய மாடி வீடு ஆதலால், வெள்ளையர் இதனை ‘டொறிக்’ என்றே அழைத்தனர். அக்காலத்தில் இலங்கையில் வாழ்ந்த கோடினர் பாதிரியார், 1807இல் வெளிவந்த தமது நூலில், இத்தீவின் மிக அழகிய கட்டடம் இதுவே என வியந்துள்ளார்.

வறண்ட முட்காடும் உப்புக் காற்றும் நிறைந்த இவ்விடத்தில் தேசாதிபதிக்கு மாளிகை எதற்கு? விடை எதிரேயுள்ள கடலில் இருக்கிறது. அங்கேதான் முத்துச் சிப்பிப் பார்கள் இருந்தன. 1796இல் ஒல்லாந்தரிடமிருந்து கரையோரத்தைக் கைப்பற்றிய பிரித்தானியர், அவ்வாண்டிலும் அடுத்த இரண்டாண்டுகளிலும் இடைவிடாது சலாபம் நடத்திப் பெரும்பொருள் ஈட்டினர். அவ்வருவாயைக் கண்காணிக்க எழுந்ததே இம்மாளிகை.

சலாபம் பங்குனி, சித்திரை மாதங்களிற் கூடும். கீழக்கரை, தூத்துக்குடி முதலிய இடங்களிலிருந்து பரவரும் முஸ்லிம்களும், பிற்காலத்தில் அரபு நாட்டினரும் வந்து சேர்வர். கயிற்றிற் கட்டிய கல்லின்மேற் காலூன்றி ஆழத்தில் இறங்கி, ஒரு நிமிட அளவு மூச்சடக்கிச் சிப்பிகளை வலைப்பையில் வாரிக்கொண்டு மேலே வருவர். ஒரு நாளில் நாற்பது ஐம்பது முறை இவ்வாறு மூழ்குவர். சுறாவின் வாயை மந்திரத்தாற் கட்டும் ‘கடற்கட்டி’ கரையில் இல்லாவிடின் பலர் கடலில் இறங்க மறுத்தனர். மந்திரத்தை நம்பாத ஆட்சியாளரே அவனுக்குக் கூலி கொடுத்தனர். மந்திரம் இன்றேற் குளிப்பு இல்லை. குளிப்பு இன்றேல் வருவாய் இல்லை அல்லவா?

பங்கீடு எவ்வாறிருந்தது? நூறாண்டு கழித்து, 1906இல், தெற்கேயுள்ள மரிச்சுக்கட்டிச் சலாபத்தில் லெனாட் வூல்ப் அரசாங்க உத்தியோகத்தராகக் கடமையாற்றினார். அப்போதுங்கூடக் கொட்டுக்கு வந்த சிப்பிகள் மூன்று குவியல்களாகப் பிரிக்கப்பட்டன. இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்றே உயிரைப் பணயம் வைத்துக் குளித்தவர்க்கு.

சுவரிலிருந்து உதிர்ந்த பூச்சுத் துண்டொன்றை மாணவியொருத்தி எடுத்து வந்து காட்டினாள். மாளிகைக்குப் பளிங்கு போன்ற வெண்மையைத் தந்த அப்பூச்சு, சிப்பி சுட்ட சுண்ணாம்பினால் ஆயது. முத்து விற்பனைக்குப் போயிற்று. முத்தைத் தந்த சிப்பியின் ஓடு தேசாதிபதியின் சுவருக்கு மெருகாயிற்று. அவ்வோடுகளைக் கடலடியிலிருந்து கொணர்ந்தவனின் பெயரோ எந்தச் சுவரிலும் இல்லை.

1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. மறு ஆண்டே அரசாங்கம் ஆண்டுக்கு 310,000 ரூபா என்ற கணக்கில், இருபதாண்டுக் குத்தகைக்குப் பார்களை ஆங்கிலக் கம்பனியொன்றிடம் ஒப்படைத்தது. 1907க்குப் பின் அக்கம்பனிக்கு எடுப்பதற்குச் சிப்பி இருக்கவில்லை. 1912இல் அது கலைந்தது. இயற்கையின் மாறுபாடுகளும் இதற்குக் காரணமாயின. எனினும், எடுப்பதில் இருந்த வேகம் காப்பதில் இருக்கவில்லை என்பதை மறுத்தல் இயலாது. 1925இன் பின் பெருஞ்சலாபம் எதுவும் நடைபெறவில்லை.

இம்மாளிகையைப் பற்றி இரு வரலாறுகள் வழங்குகின்றன. ஒன்று தேசாதிபதியினது, மற்றது அரசியினது. அந்நியனின் வீட்டைத் தம் அரசி ஒருத்திக்கு உரியதாக்கிய மக்களின் கற்பனையை நாம் எள்ளி நகையாடவில்லை. ஆயின், அக்கற்பனையிலும் அரியணைக்கு இடமிருந்தது. கல்லைப் பற்றி மூழ்கியவனுக்கு இடமிருக்கவில்லை. மூன்றாவது வரலாறு இனித்தான் எழுதப்படல் வேண்டும்.

இன்னுமொன்று. 1990இல் விடுதலைப் புலிகளால் இப்பகுதி முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். போரினால் தமிழ் மக்களும் இடம்பெயர்ந்தனர். அவர்தம் இடிந்த வீடுகளை எவரும் புராதனச் சின்னம் என்று காட்டுவதில்லை. எந்த இடிபாடு வரலாறாகும், எது வெறும் குப்பையாகும் என்பதைத் தீர்மானிப்பவர் யார் என மாணவர் கேட்கப் பழகுதல் வேண்டும்.

கடல் ஆண்டுதோறும் சுவரை அரிக்கிறது. தேசாதிபதியின் வீடு வீழ்கிறதே என்று நாம் கண்ணீர் விடவேண்டியதில்லை. ஆனால் அச்சுவர் கூறக்கூடிய உண்மையைக் கேளாது அதனை வீழவிடலாகாது. பாரும் கொட்டும் கடற்கட்டியும் சலாபமும் எனச் சில சொற்களேனும் கரையோர ஊர்களின் முதியோர் நாவில் எஞ்சியிருக்கின்றன. ஆசிரியரும் மாணவரும் குறிப்பேட்டுடன் அவர்களிடம் செல்வார்களாக. சுவர் நிற்கும்போதே அப்பணி தொடங்கட்டும்.