மரபுக் கட்டடப் பாதுகாப்பில் மாணவர் நல்கைகளும் பயிற்சிப் பணிகளும் (அமெரிக்கா)

அமெரிக்காவில் மரபுக் கட்டடப் பாதுகாப்பு பயிலும் மாணவருக்குக் கிடைக்கும் ஆதரவு முக்கியமாக மூன்று வகைப்படும். குறிப்பிட்ட ஓர் ஆய்வை முடிக்கத் தரப்படுவது ஆய்வு நல்கை. வகுப்பிலோ ஆய்வகத்திலோ வேலை செய்து, பதிலுக்குக் கட்டண விலக்கும் மாதப்படியும் பெறுவது உதவியாளர் பணி. அரசுத் துறையிலோ அறக்கட்டளையிலோ சில மாதம் தொழில் பழகுவது பயிற்சிப் பணி, அதாவது இன்டர்ன்ஷிப். மூன்றையும் கல்விக்குச் செய்யும் தர்மமாகவே பலர் பார்க்கிறார்கள். அந்நாட்டின் கட்டட ஆவணங்கள் உருவான கதை அப்படிச் சொல்லவில்லை. மாணவர் உழைப்பு அந்தத் துறையின் அடித்தளங்களில் ஒன்று. அதற்குக் கூலி உண்டா இல்லையா என்பது, எதைக் காக்க வேண்டும் என்று முடிவு செய்யும் இடத்துக்கு யார் வந்து சேர்கிறார்கள் என்பதையே மாற்றிவிடுகிறது.

தொடக்கமே கூலியில்தான். 1933 நவம்பரில், பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவே, தேசியப் பூங்காத் துறையில் பணியாற்றிய சார்லஸ் பீட்டர்சன் ஒரு குறிப்பு எழுதினார். வேலையிழந்த ஏறத்தாழ 1,000 கட்டடக் கலைஞர்களையும் வரைவாளர்களையும் கொண்டு நாட்டின் பழைய கட்டடங்களை அளந்து வரையலாம் என்பது அவர் யோசனை. வேலையில்லாதோருக்கான நிவாரண நிதியிலிருந்து பணம் வந்தது; ‘ஹாப்ஸ்’ எனப்படும் அமெரிக்க வரலாற்றுக் கட்டட அளவைத் திட்டம் பிறந்தது. இரண்டாம் உலகப்போர் அதை நிறுத்தியது. 1950களில் அது மீண்டபோது வேலையற்ற கலைஞர் கூட்டம் இல்லை. கோடை விடுமுறையில் வரும் கட்டடக்கலை மாணவர் குழுக்கள் அந்த இடத்தை நிரப்பின. போருக்குப் பிந்தைய வரைபடங்களில் பெரும்பங்கு அவர்கள் கைவண்ணம். இன்று காங்கிரஸ் நூலகத்தில் யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய அந்தத் தொகுப்பை, பழுதுபார்ப்போரும் ஆய்வாளரும் நாளும் புரட்டுகிறார்கள். பீட்டர்சன் பெயரால் 1983 முதல் தரப்படும் பரிசும், மாணவர் வரைந்து அந்தத் தொகுப்புக்கு அளிக்கும் வரைபடங்களுக்கே உரியது.

பயிலுநர் வேலையை நம்பலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேலை நடக்கும் விதத்திலேயே அதற்குப் பதில் இருக்கிறது. ஒரு சுவரில் ஐந்து ஜன்னல் இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து கூட்டுவதில்லை. அப்படிச் செய்தால் சிறு பிழைகள் சேர்ந்து பெருகிவிடும். நாடாவை ஒரு மூலையில் பொருத்தி, அதை நகர்த்தாமல், ஒவ்வொரு விளிம்பின் தூரத்தையும் வரிசையாகப் படிக்கிறார்கள். அறையின் மூலைகள் செங்கோணமா என்று மூலைவிட்டம் அளந்து பார்க்கிறார்கள். கட்டங்கட்டமாகக் கோடிட்ட தாளில் எழுதிய களக்குறிப்பும் வரைபடத்தோடு நூலகத்துக்குப் போகிறது. ஐயம் வந்தால் பின்னால் வருபவர் எண்ணைச் சரிபார்க்கலாம். தவறைக் கண்டுபிடிக்க வழிவைத்த முறை இது. அதனால்தான் அனுபவம் குறைந்த கையும் இங்கே பயன்படுகிறது. லேசர் கருவி வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்பது இன்னொரு கேள்வி. ஏணி ஏறும் சிரமத்தைக் கருவி பெருமளவு குறைத்துவிட்டது, மறுப்பதற்கில்லை. ஆனால் அது தருவது கோடிக்கணக்கான புள்ளிகள். எந்தச் சுவர் மூலக் கட்டடத்தைச் சேர்ந்தது, எது பின்னால் ஒட்டியது, எந்தக் கோட்டை வரைய வேண்டும் என்பதைப் புள்ளிகள் சொல்லா; பார்த்துப் பழகிய கண்தான் சொல்ல வேண்டும்.

அந்தப் பழக்கத்துக்குச் சட்ட மதிப்பும் உண்டு. 1966ஆம் ஆண்டின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தை ஒட்டி வளர்ந்த நடைமுறையில், கட்டடக்கலை வரலாற்றாளராக ஏற்கப்பட முதுகலைப் பட்டம் வேண்டும். அல்லது இளங்கலையோடு இரண்டாண்டு முழுநேர அனுபவமோ, துறைக்கு ஆற்றிய கணிசமான பங்களிப்போ வேண்டும். முதுகலைப் படிப்புகள் பலவற்றில் பயிற்சிப் பணி கட்டாயம். அது பாடப் புள்ளிக்குரியதாகவும் ஊதியமற்றதாகவும் இருந்தால், மாணவர் தாம் செய்யும் வேலைக்குத் தாமே பல்கலைக்கழகத்துக்குக் கட்டணம் செலுத்துகிறார். வீட்டில் வசதி இருப்பவரால் இது முடியும். கோடையில் சம்பாதித்தால்தான் அடுத்த பருவக் கட்டணம் என்ற நிலையில் இருப்பவர் வேறு துறைக்குப் போய்விடுகிறார். எந்தத் தெரு வரலாற்றுச் சிறப்புடையது என்று பின்னாளில் பரிந்துரைக்கும் மேசையில் அவர் இருப்பதில்லை. கறுப்பினத்தவருக்கென உருவான கல்லூரிகளின் மாணவருக்குத் தேசியப் பூங்காத் துறை தனிப் பயிற்சித் திட்டம் நடத்தியதன் பொருள் இங்கேதான் விளங்குகிறது.

அனுபவமே ஊதியம் என்ற வாதத்துக்குச் சட்டத்தில் ஓரளவு ஆதரவு இருக்கிறது. ரயில்வேயில் தொழில் பழகியோர் ஊழியர் அல்லர் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1947இல் தீர்ப்பளித்தது. பயிற்சியால் முதன்மைப் பயன் பெறுபவர் மாணவரா நிறுவனமா என்று பார்க்கும் அளவுகோலைத் தொழிலாளர் துறை 2018இல் ஏற்றது. அரசு அமைப்புகளிலும் லாப நோக்கற்ற அறநிறுவனங்களிலும் தாமாக முன்வருவோரின் ஊதியமற்ற பயிற்சி பொதுவாக அனுமதிக்கப்படுகிறது. இந்தத் துறையில் வேலை தருபவற்றில் பல இத்தகைய அமைப்புகளே என்பதால், சட்டம் இங்கே அதிகம் உதவாது. ஆனால் அந்த அளவுகோலை உண்மையாகவே பொருத்திப் பார்த்தால், மாணவர் வரைந்த தாள் பல தலைமுறைக்குப் பொதுச் சொத்தாகிறதே, அதன் பயனை யார் கணக்கில் எழுதுவது? நிதி இல்லை என்பதும் பொய்யல்ல. சிறிய ஊர் வரலாற்றுச் சங்கங்களின் கையிருப்பு சொற்பம். அப்படியானால் இடங்களைக் குறைக்கலாம். கூலியில்லாமல் நான்கு பேரை வைத்துக் கோப்பு அடுக்கச் சொல்வதைவிட, ஒருவருக்குப் படி கொடுத்து ஒரு கட்டடத்தை முழுமையாகப் பதியச் செய்வது சங்கத்துக்கும் லாபம். ‘ஹாப்ஸ்’ திட்டமும் கட்டடக்கலை வரலாற்றாளர் சங்கமும் சேர்ந்து வழங்கும் சாலி கிரெஸ் டாம்ப்கின்ஸ் நல்கை ஏறக்குறைய இப்படித்தான் அமைந்தது: ஒரு பட்டமேற்படிப்பு மாணவர், ஒரு கோடை, ஒரு வரலாற்று அறிக்கை, அதற்குரிய பணம்.