அசென்ஷன் தீவின் பருப்புக்கீரை

தென் அட்லாண்டிக்கின் நடுவே எரிமலைக் குழம்பு உறைந்து உருவான அசென்ஷன் தீவைப் போர்த்துக்கீசியர் 1501இல் கண்டறிந்த போதிலும், 1815இல் பிரிட்டிஷ் காவற்படை வந்திறங்கும் வரை அங்கே எவரும் நிலையாகக் குடியேறவில்லை. இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் ஐரோப்பாவுக்குத் திரும்பிய கப்பல்கள், முட்டையிடக் கரையேறும் பச்சைக் கடலாமைகளுக்காக அங்கே நங்கூரமிட்டன. ஆனால் மாதக்கணக்கில் உப்பிட்ட இறைச்சியையே தின்று, உயிர்ச்சத்து சி குறைவால் ஈறு வீங்கிப் பல் ஆடும் ஸ்கர்வி நோயோடு வந்த மாலுமிக்கு ஆமைக்கறியைவிடப் பசுங்கீரையே உடனடித் தேவையாக இருந்தது. கரிந்த கற்களின் இடுக்கில் அதை அளித்தது, நம் வயல்களிலும் களையாக முளைக்கும் பருப்புக்கீரை.

தரையோடு படரும் சிவந்த தண்டு, கரண்டி வடிவில் தடித்து வழவழக்கும் இலை, வெயிலில் மட்டும் விரியும் சிறு மஞ்சள் பூ, முற்றியதும் மூடிபோல் கழன்று கரிய விதை சிந்தும் காய் ஆகியவை இதன் அடையாளங்கள். நீர் குறைந்த காலத்தில் இச்செடி கரியமில வாயுவை இரவில் உள்வாங்கி அமிலமாகச் சேமிப்பதால், விடியலில் பறித்த இலையில் புளிப்பு தூக்கலாக இருக்கும். அதே கரட்டு நிலத்தில் அம்மான் பச்சரிசியின் பேரினத்தைச் சேர்ந்த, அத்தீவுக்கே உரிய செடியொன்றும் வளர்ந்தது. தண்டை ஒடித்ததும் பால் கசிந்தால் அது விலக்க வேண்டிய செடி. தெளிந்த சாறு கசிந்தால் கீரை. தாவரவியலாளர் லின்னேயசின் மாணவர் பெர் ஓஸ்பெக் 1752இல் அத்தீவில் செடிகளைச் சேகரித்தார். பால்செடிக்கு லின்னேயஸ் மறு ஆண்டே அறிவியல் பெயர் சூட்டினார். 1775இல் கேப்டன் குக் வந்தபோதும் இவ்விரு செடிகளும் பதிவாயின.

கீரையால் ஆகாததும் ஒன்று உண்டு. ஓரினச்சேர்க்கைக் குற்றச்சாட்டின் பேரில் 1725 மே மாதம் டச்சுக் கப்பலொன்றிலிருந்து இங்கே தனியே இறக்கிவிடப்பட்ட லீண்டர்ட் ஹாசன்போஷ் பருப்புக்கீரையைத் தேடித் தின்றார் என்பதை அவரது நாட்குறிப்பு காட்டுகிறது. இலையில் பெரும்பங்கு நீரே என்றாலும் அது குடிநீருக்கு ஈடாகவில்லை; நாட்குறிப்பு அக்டோபரோடு நின்றுவிடுகிறது.

காவற்படை மலையுச்சியில் தோட்டம் போட்டு, 1843இல் வந்து சென்ற தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் யோசனைப்படி வெளிநாட்டு மரங்களையும் நட்ட பிறகு, காட்டுக்கீரையைத் தேடும் தேவை குறைந்தது. 1960களில் கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேலம் தமிழ்நாட்டில் செய்ததையே அங்கும் செய்து தாழ்நிலங்களில் பரவியிருக்கிறது. மாலுமிகள் ஒதுக்கிய அந்தப் பால்செடிதான் இன்று அருகிப்போய்ப் பாதுகாப்பை வேண்டி நிற்கிறது.