கண் சிமிட்டும் விளக்கின் கதை

தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில் தொப்பூர்க் கணவாயைக் கடந்தவர்கள் அறிவார்கள். சரிவில் லாரிகளும் கார்களும் ஒன்றன்பின் ஒன்றாக வளைந்து வளைந்து இறங்குகின்றன. முன்னே செல்லும் வண்டி ஒதுங்கப் போகிறதா, திரும்பப் போகிறதா என்பதைப் பின்னே வருபவருக்குச் சொல்வது அதன் மூலையில் விட்டுவிட்டு எரியும் ஒரு செம்மஞ்சள் விளக்குதான். அது சொல்லத் தவறினால், விபத்துகளுக்குப் பெயர்போன அந்தச் சரிவில் என்ன நேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பழைய அம்பாசிடர், பிரீமியர் பத்மினி போன்ற கார்களை ஆசையுடன் பேணுவோர் சிலர், இந்த இண்டிகேட்டர் விளக்கின் பழைய பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. பல்பைப் பொருத்துகின்றனர். பொருத்தியதும் ஒரு வியப்பு காத்திருக்கிறது. விளக்கு எரிகிறது, ஆனால் சிமிட்ட மறுக்கிறது! ஏன்? விடை அந்த விளக்கின் வரலாற்றில் இருக்கிறது.

கையும் கைகாட்டியும்

தொடக்கத்தில் ஓட்டுநரின் வலக்கையே சைகை விளக்கு. வலப்புறம் திரும்ப வேண்டுமானால் கையை வெளியே நேராக நீட்டுவார். இடப்புறம் திரும்ப வேண்டுமானால் நீட்டிய கையை இடஞ்சுழியாகச் சுழற்றுவார். பகலில் இது போதும். இருட்டிலும் மழையிலும் போதாது.

அடுத்து வந்தது, இரயில் நிலையக் கைகாட்டியைப் போன்ற ஒரு சிறு கை. கதவுக்கு அருகிலுள்ள தூணில் அது மடங்கிக் கிடக்கும். ஓட்டுநர் சுவிட்சைப் போட்டால் கம்பிச்சுருளில் மின்னோட்டம் பாயும். சுருள் காந்தமாகி இரும்புத் தண்டை இழுக்கும். உள்ளே சிறு பல்பு எரிய, அந்தக் கை வெளியே நீளும். இதற்கு 'டிராஃபிகேட்டர்' என்று பெயர். பிரிட்டனின் மாரிஸ் மைனர் காரில் 1961 வரை இது இருந்தது. அந்தக் காரைத்தான் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 'பேபி இந்துஸ்தான்' என்ற பெயரில் நம் நாட்டில் விற்றது.

நீட்டிய கை அசையாமல் நிற்கும். அசையாத பொருளைக் கண் எளிதில் தவறவிடும். விட்டுவிட்டு எரியும் ஒளியைத் தவறவிடாது. அமெரிக்காவின் பியூக் நிறுவனம் 1939இல் தன் கார்களின் பின்புறத்தில் சிமிட்டும் விளக்கைப் பொருத்தியது. பிறகு உலகெங்கும் இந்த முறையே நிலைத்தது. 1950களின் பிற்பகுதியில் பிறந்து 2014 மே மாதம் உற்பத்தி நின்ற நம் அம்பாசிடரும் இந்த வழியில் வந்ததே.

வெப்பமே கடிகாரம்

டிரான்சிஸ்டர் காருக்குள் நுழையாத காலத்தில் விளக்கைச் சிமிட்ட வைத்தது எது? 'ஃபிளாஷர்' என்ற ஒரு சிறு டப்பா. அதன் வகைகள் பல, தத்துவம் ஒன்றே. ஈருலோகப் பட்டை கொண்ட வகையைப் பார்ப்போம். விளக்குக்குச் செல்லும் மின்னோட்டம் இந்தப் பட்டை வழியாகச் செல்கிறது. பட்டை சூடேறி வளைகிறது, தொடுமுனை விலகுகிறது, விளக்கு அணைகிறது. பட்டை குளிர்ந்து நிமிர்கிறது, முனைகள் மீண்டும் தொடுகின்றன, விளக்கு எரிகிறது. நாம் கேட்கும் 'டிக் டிக்' ஓசை அந்த முனைகள் எழுப்புவதே. நிமிடத்திற்கு 60 முதல் 120 முறை சிமிட்ட வேண்டும் என்பது ஐக்கிய நாடுகளின் வாகன ஒழுங்குவிதி.

இங்கே ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பக்கத்தில் முன்னும் பின்னும் இரண்டு பல்புகள். ஒவ்வொன்றும் 21 வாட். மொத்தம் 42 வாட். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இவை எடுக்கும் மின்னோட்டம் 3.5 ஆம்பியர். பட்டை இந்த அளவுக்கென்றே செய்யப்பட்டது.

ஒரு பல்பு எரிந்துபோனால்? மின்னோட்டம் பாதியாகும். பட்டையில் தோன்றும் வெப்பமோ ஜூல் விதிப்படி மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே கால் பங்காகிவிடும். துடிப்பு தாறுமாறாகும், அல்லது நின்றுபோகும். ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே, 'ஏதோ ஒரு பல்பு போய்விட்டது' என்று தெரிந்துகொள்வார். ஆகவே, பழைய பல்பு வெறும் விளக்காக மட்டும் இருக்கவில்லை. அது கடிகாரத்தின் ஓர் உறுப்பு, காவல்காரனும் கூட.

குளிர்ந்த ஒளி வந்தது

இனி எல்.இ.டி.க்கு வருவோம். 1907இல் ஹென்றி ரவுண்ட் என்ற ஆங்கிலேயர் சிலிக்கன் கார்பைடு படிகத்தில் மின்சாரம் பாய்ச்சியபோது அது மங்கலாக ஒளிர்வதைக் கண்டார். 1920களில் ருஷ்ய அறிஞர் ஓலெக் லோசெவ் இதை விரிவாக ஆராய்ந்தார். 1962இல் நிக் ஹோலோன்யாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யை உருவாக்கினார். 1972இல் ஜார்ஜ் கிராஃபோர்டு மஞ்சள் நிறத்தைக் கொண்டுவந்தார். இண்டிகேட்டருக்கு ஏற்ற பிரகாசமான செம்மஞ்சள் ஒளி, அலுமினியம், இண்டியம், காலியம், பாஸ்பரஸ் ஆகிய நான்கும் சேர்ந்த படிகத்திலிருந்து 1990களில் கிடைத்தது.

இதில் மின்னிழை இல்லை. சூடேறி ஒளிர வேண்டியதும் இல்லை. மின்னிழை முழு ஒளி பெற ஏறத்தாழ ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் வண்டி 3 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். எல்.இ.டி.யோ கணத்தில் ஒளிரும். 21 வாட் பல்பின் வேலையைச் சில வாட் திறனில் செய்துவிடும்.

இந்தச் சிக்கனமே சிக்கலாகிறது! 3 வாட் எல்.இ.டி. பல்புகள் இரண்டைப் பொருத்தினால் மின்னோட்டம் 0.5 ஆம்பியர், முன்பு இருந்ததில் ஏழில் ஒரு பங்கு. பட்டையில் வெப்பம் 49இல் ஒரு பங்கு. பட்டை எப்படி வளையும்? விளக்கு சிமிட்டாமல் நின்று எரிகிறது. சில வகை மின்னணு ஃபிளாஷர்களோ, மின்னோட்டம் குறைந்ததைக் கண்டு, 'பல்பு போய்விட்டது' என்று எண்ணி இருமடங்கு வேகத்தில் துடிக்கின்றன.

இரண்டு வழிகள்

முதல் வழி, ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் பக்க இணைப்பில் 6 ஓம் மின்தடை ஒன்றைச் சேர்ப்பது. துடிப்பு திரும்பிவிடும். ஆனால் அந்த மின்தடை எரியும் நேரத்தில் எடுப்பது 24 வாட்! எல்.இ.டி.யின் 3 வாட்டையும் கூட்டினால் 27. பழைய பல்பை விட அதிகம். மின்தடை சுடும், பிளாஸ்டிக்கின் அருகில் வைக்கக் கூடாது. இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. எல்.இ.டி. பழுதானாலும் மின்தடை தன் பங்கை எடுத்துக்கொண்டே இருக்கும். ஃபிளாஷர் ஒழுங்காக 'டிக் டிக்' என்னும். வெளியே விளக்கு இருண்டு கிடக்கும். காவல்காரன் உறங்கிவிட்டான் என்று பொருள்.

இரண்டாம் வழி, ஃபிளாஷரையே மாற்றுவது. எல்.இ.டி.க்கென வரும் மின்னணு ஃபிளாஷரில் நேரத்தை அளப்பது மின்னணுச் சுற்று. விளக்கின் மின்னோட்டம் அன்று. பெரும்பாலும் இதற்கு மூன்றாவதாக ஓர் எர்த் கம்பி தேவைப்படும். இதுவே முறையான வழி.

வேறு சிலவற்றையும் கவனிக்க வேண்டும். எல்.இ.டி. ஒருவழிப் பாதை, பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனை உடற்சட்டத்துடன் இணைந்திருக்கும். அங்கே முனை மாறினால் எல்.இ.டி. எரியாது. செம்மஞ்சள் கண்ணாடிக்குப் பின் வெள்ளை எல்.இ.டி. வேண்டாம், அதன் நீல ஒளியைக் கண்ணாடி தடுத்துவிடும். மேலும், சில பழைய கார்களில் இரு பக்கத்துக்கும் பொதுவாக டேஷ்போர்டில் ஒரே குறி விளக்கு இருக்கும். அதன் வழியே கசியும் சிறு மின்னோட்டம் மறுபக்க எல்.இ.டி.யையும் ஒளிர வைத்துவிடும். இடப்பக்கமா, வலப்பக்கமா என்று பின்னே வருபவர் குழம்புவார். இரண்டு டயோடுகளைச் சேர்த்தால் இது தீரும்.

கையால் சைகை காட்டியவருக்குத் தாம் காட்டியது தெரியும். மின்னிழைக் காலத்து ஓட்டுநருக்கு ஃபிளாஷரின் ஓசை சொல்லிவிடும். புதிய ஏற்பாட்டில் அந்த உறுதியைச் சுற்று தராவிட்டால் மனிதன்தான் தேட வேண்டும். பழைய காருக்குப் புது விளக்குப் போட்டவர்கள், பயணத்துக்கு முன் இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு வண்டியை ஒருமுறை சுற்றிவந்து நான்கு மூலைகளையும் பார்ப்பது நல்லது. ஒரு நிமிடம்கூட ஆகாது. தொப்பூர்ச் சரிவில் பின்னால் வரும் லாரி ஓட்டுநர் நம்பியிருப்பது அந்த ஒளியைத்தான்.