கரையிறங்குபவருக்குப் பிணை யார்?

பல மாதம் நீளும் வெளிநாட்டுக் கடற்பயணத்திற்குப் புறப்படுபவர் இன்று சேர்த்துக்கொள்ள வேண்டிய தாள்கள் பல. கடவுச்சீட்டு, இறங்கும் நாடுகளின் விசா, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று, ஊர் திரும்புவதற்கான பயணச்சீட்டு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான ஆதாரம் ஆகிய இவை ஒரே அலுவலகம் ஒரே நாளில் வகுத்த விதிகளைப் போலத் தோன்றினாலும், வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு அச்சங்களால் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தவை. கொள்ளைநோய் ஒன்றைத் தந்தது. போர் மற்றொன்றைத் தந்தது. வந்தவர் திரும்பிப் போகமாட்டாரோ என்ற ஐயம் எஞ்சியவற்றைத் தந்தது. இவற்றின் வரலாற்றைப் பிணையின் வரலாறாகப் படிப்பதே பொருத்தம். கரையிறங்கும் அந்நியருக்காகப் பொறுப்பேற்பவர் யார் என்ற கேள்விக்குத் துறைமுகங்கள் காலந்தோறும் ஏற்றுக்கொண்ட விடைகளே இத்தாள்கள்.

நெடுங்காலம் அந்தப் பொறுப்பைக் கப்பலே சுமந்தது. நோய் பரவிய ஊர்களிலிருந்து வருவோர் 30 நாள் ஒதுங்கியிருந்த பின்னரே ஊருக்குள் வரலாம் என்று ஏட்ரியாட்டிக் கடற்கரையின் ரகூசா நகரம் 1377இல் விதித்தது. வெனிஸ் நகரம் 1423இல் அதற்கென்றே ஒரு தீவில் மருத்துவக் காவல் நிலையம் அமைத்தது. இந்த ஏற்பாட்டிலிருந்து வளர்ந்ததே சுகாதாரப் பத்திரம், அதாவது கப்பல் புறப்படும் நேரத்தில் அத்துறைமுகத்தில் தொற்றுநோய் இருந்ததா இல்லையா என்று அங்குள்ள அதிகாரிகள் எழுதிக்கொடுக்கும் சான்று. அது தூய்மையானதாக இருந்தால் பயணிகள் இறங்கலாம். ஐயத்துக்குரியதாகவோ நோயுள்ளதாகவோ இருந்தால் கப்பல் மஞ்சள் கொடியுடன் வெளியே நங்கூரமிட்டுக் காத்திருக்க வேண்டும். பயணி தனியாளாக எதையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்பது இதன் வசதி. கப்பலின் தாள் கெட்டால் நலமாக இருப்பவரும் இறங்க முடியாது என்பது இதன் கொடுமை.

இரண்டையும் ஒருசேரக் காட்டும் சான்று 1867ஆம் ஆண்டின் ‘குவேக்கர் சிட்டி’ பயணம். நியூயார்க்கிலிருந்து மத்தியதரைக் கடலுக்கும் புனித நாட்டுக்கும் சென்ற இந்த நீராவிக் கப்பல், வாணிகத்திற்கோ குடியேற்றத்திற்கோ அல்லாமல் உலாவுக்காகவே பயணிகளை ஏற்றிய அமெரிக்கக் கப்பல்களுள் முன்னோடி எனலாம். கட்டணம் 1,250 டாலர். அதில் பத்தில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்டினால் இடம் உறுதி. கரையில் ஆகும் செலவுக்கு நாளொன்றுக்கு 5 டாலர் பொன்னாகக் கொண்டுவந்தால் போதும் என்று விளம்பர அறிக்கை கூறியது. விண்ணப்பித்தவர் தகுதியானவர்தானா என்று பார்க்க ஒரு குழுவும் இருந்தது. ஆவணச் சோதனை என்று சொல்லத்தக்கது பெரும்பாலும் அக்குழுவின் பரிசீலனையே. ஆயினும் கிரேக்கத்தின் பிரேயஸ் துறைமுகத்தில் பதினொரு நாள் காவலில் இருங்கள், இல்லையேல் போய்விடுங்கள் என்று அதிகாரிகள் சொல்லிவிட, பயணிகளுள் ஒருவரான எழுத்தாளர் மார்க் ட்வைன் மூன்று துணைவர்களுடன் இரவில் படகேறி ஏதென்ஸ் அக்ரோபோலிசைப் பார்த்துவிட்டு விடியுமுன் திரும்பினார். கடவுச்சீட்டைக் கண்டிப்பாகக் கேட்ட ரஷ்யாவின் செவஸ்தபோலில் அவரிடம் அது இல்லை. கான்ஸ்டான்டினோப்பிளில் தங்கிவிட்ட அறைத்தோழரின் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டே அவர் போனார். நிழற்படம் ஒட்டப்படாத அக்காலத் தாள் அதற்கு இடம் கொடுத்தது.

1914இல் மூண்ட முதல் உலகப்போர் இந்தத் தளர்வை முடிவுக்குக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய பல பத்தாண்டுகளில் ரஷ்யாவையும் துருக்கியையும் தவிர்த்த ஐரோப்பிய நாடுகள் பெரும்பாலும் கடவுச்சீட்டைக் கேட்பதையே விட்டிருந்தன. ஒற்றர் பற்றிய அச்சம் அதை மீட்டெடுத்தது. பிரிட்டன் 1915இல் வெளியிட்ட கடவுச்சீட்டு எட்டாக மடிக்கப்பட்ட ஒற்றைத் தாள். அதில் நிழற்படத்தோடு முகவடிவம், நிறம் முதலிய அங்க அடையாளங்களும் எழுதப்பட்டன. இந்தியாவில் 1917இல் போர்க்கால விதியாக வந்த கட்டாயம் 1920இல் நிலையான சட்டமாயிற்று. அதே 1920இன் அக்டோபரில் பன்னாட்டுச் சங்கத்தின் ஆதரவில் பாரிசில் கூடிய மாநாடு, இதைத் தற்காலிகத் தொல்லையாகவே கருதியபோதிலும், 32 பக்கம் கொண்ட சிறு புத்தக வடிவத்தை எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்தது. தற்காலிகமென்று வந்த அரசு விதிகள் பலவற்றைப் போலவே இதுவும் நிலைத்துவிட்டது.

பனாமா கால்வாய் 1914இல் திறக்கப்பட்டிருந்ததால், போர் முடிந்ததும் ஒரே கப்பலில் ஏறி உலகைச் சுற்றி அதே துறைமுகத்தில் இறங்குவது எளிதாயிற்று. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் வாடகைக்கு எடுத்த குனார்ட் நிறுவனத்தின் ‘லக்கோனியா’ 1922 நவம்பரில் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டு, 22 துறைமுகங்களைத் தொட்டு, 130 நாளில் உலகைச் சுற்றியது. இந்நிறுவனம் 1891 முதல் பயணிகளுக்கான காசோலைகளை விற்றுவந்தது என்பது கவனிக்கத்தக்கது. பயணிக்குப் பணமும் வழியும் ஒரே கையிலிருந்து கிடைத்தன. ஒவ்வொரு துறைமுகத்திலும் பகலில் இறங்கி இரவில் கப்பலுக்குத் திரும்புபவர் என்பதால் அவருக்குப் பழைய முறைப்படி கப்பலே பிணையாக நின்றது.

எல்லாக் கப்பலுக்கும் இந்தச் சலுகை இருக்கவில்லை. தாயகத்திலிருந்து இடையில் மாறாமல் நேரே வரும் பயணச்சீட்டு இருந்தால்தான் இறங்கலாம் என்று கனடா 1908இல் விதித்தபோது, இந்தியாவிலிருந்து அங்கு நேரே செல்லும் கப்பலே கிடையாது என்பதை விதியை எழுதியவர்கள் நன்கு அறிந்திருந்தனர். ஆசியர் ஒவ்வொருவரும் 200 டாலர் வைத்திருக்க வேண்டும் என்றும் விதி இருந்தது. இவற்றைச் சோதித்துப் பார்க்க 1914இல் ஹாங்காங்கிலிருந்து வான்கூவர் சென்ற ‘கோமகட்டா மாரு’ கப்பலின் 376 பயணிகள், அனைவரும் பிரிட்டிஷ் குடிமக்களாக இருந்தும், இரண்டு மாதம் துறைமுகத்தில் நிறுத்தப்பட்டு, மிகச் சிலர் நீங்கலாகத் திருப்பி அனுப்பப்பட்டனர். பயணத்தை எளிதாக்குவதற்கென்று தோன்றிய சீட்டு இங்கே பயணத்தைத் தடுக்கும் கருவியாயிற்று.

தமிழகக் கரையில் பிணை நின்றது தோட்டம். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் திரட்டிச் சென்ற தொழிலாளர்களுக்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரச்சீட்டு முறை கொண்டுவரப்பட்டது. தகரச்சீட்டு என்பது தோட்டத்தின் பதிவெண் பொறித்த சிறு உலோக வில்லை. பெயரோ வயதோ ஊரோ அதில் இல்லை. அதைக் காட்டியவரின் வழிச்செலவு அந்தத் தோட்டத்தின் கணக்கில் பற்று எழுதப்பட்டது. ரயிலும் கப்பலும் முகாமும் அந்த எண்ணையே நம்பின. தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் போக்குவரத்து 1914இல் தொடங்கிய பின், இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய மண்டபம் முகாமில் தொழிலாளர்கள் சில நாள் நிறுத்தப்பட்டு, குளிக்க வைக்கப்பட்டு, துணிகள் கிருமிநீக்கம் செய்யப்பட்டு, அம்மை குத்தப்பட்ட பிறகே அக்கரைக்கு விடப்பட்டனர். கப்பலோடு இணைந்த போட் மெயில் ரயிலின் மேல் வகுப்பில் வந்தவர் முகாமில் தங்க வேண்டியதில்லை. மருத்துவ அதிகாரியின் பார்வை அவருக்குப் போதுமானதாக இருந்தது. அக்கரையில் தோட்டம் மாற விரும்பிய தொழிலாளிக்கு இன்னொரு தாள் காத்திருந்தது. ‘துண்டு’ எனப்பட்ட அது, அவருடைய கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விடுவிக்கலாம் என்று தோட்டத்துரை எழுதிக்கொடுப்பது. 1921இல்தான் அது சட்டப்படி ஒழிக்கப்பட்டது. நாட்டைக் கடக்கும் சீட்டும் கடன் சீட்டும் ஒரே ஆளிடம் இவ்வளவு நெருங்கியிருந்த இடங்கள் உலக வரலாற்றில் அதிகமில்லை.

சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு சென்ற கப்பல்களிலும் நிலைமை ஏறத்தாழ இதுவே. 1926இல் கட்டப்பட்டு 1973 வரை அவ்வழியில் ஓடிய ‘ரஜூலா’வில் கேபின் பயணிகள் சிலரே, தளத்தில் பாய் விரித்துப் படுத்துவந்தவர்களே பலர். கப்பலில் ஒருவருக்கு அம்மை கண்டாலும் பினாங்கை ஒட்டிய ஜெரஜாக் தீவில் இறங்கிக் காவலிருக்க நேர்ந்தது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் பிணை முழுவதும் அரசுகளின் கைக்குச் சென்றது. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் தகரவில்லையின் இடத்தில் கடவுச்சீட்டையும் விசாவையும் வைத்தது. உலக சுகாதார நிறுவனம் 1951இல் ஏற்ற விதிகள் தடுப்பூசிச் சான்றை உலகப் பொதுவாக்கின. பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1980இல் அறிவிக்கப்பட்ட பின் மஞ்சள் காய்ச்சல் சான்றே அதில் முதன்மையாக எஞ்சியது. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அது செல்லும் என்பதால் இன்றும் பயணத் திட்டம் நாட்காட்டியைப் பார்த்தே தொடங்குகிறது. இந்தியாவில் கடவுச்சீட்டு வழங்குவது அரசின் விருப்பம் என்ற நிலையை 1967இல் உச்ச நீதிமன்றம் மாற்றியது. வெளிநாடு செல்வது தனிமனித சுதந்திரத்தின் பகுதி என்ற தீர்ப்பை அடுத்து அதே ஆண்டு கடவுச்சீட்டுச் சட்டம் வந்தது.

உலாக் கப்பல்களில் மட்டும் பழைய பிணையின் சாயல் நீடிக்கிறது. அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் புறப்பட்டுக் கரீபியன் தீவுகளைச் சுற்றி அதே துறைமுகத்திற்குத் திரும்பும் கப்பலில், அந்நாட்டுக் குடிமகன் பிறப்புச் சான்றையும் ஓர் அடையாள அட்டையையும் மட்டும் காட்டித் தாயகத்தில் இறங்க 2009ஆம் ஆண்டு விதிகள் இடமளிக்கின்றன. அதே கப்பலில் உணவு பரிமாறும் இந்தியர் அல்லது பிலிப்பினோவின் பெயர் முன்பு மொத்தப் பணியாளர் பட்டியலில் சேர்க்கப்பட்டு ஒரே விசாவில் அடங்கியது. 2004இல் அமெரிக்கா அந்தப் பட்டியல் விசாவை நிறுத்திய பிறகு, கடவுச்சீட்டும் கடலோடிச் சான்றும் கைவசம் இருந்தாலும், அவர் தமக்கெனத் தூதரகத்தில் நேர்காணலுக்கு நின்று தனி விசா பெற்றாலன்றிக் கரையில் கால்வைக்க முடியாது.