ஒளித்துகளைப் பிடித்த கதை

1880ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், வாஷிங்டன் நகரத்துப் பள்ளி ஒன்றின் மேல்மாடியிலிருந்து சார்லஸ் சம்னர் டெயின்டர் என்பார் பேசினார். 213 மீட்டர் தொலைவில் அலெக்சாண்டர் கிரகாம் பெல் அதனைக் கேட்டார். இடையே கம்பி இல்லை. கதிரவன் ஒளியே குரலைச் சுமந்து சென்றது. அவ்வொளியை உணர்ந்தது செலீனியம். ஒளி பட்டால் அதன் மின்தடை குறையும் என்பது 1873இலேயே அறியப்பட்டிருந்தது. தொலைபேசியினும் இதுவே பெரிதெனப் பெல் கருதினார். உலகம் அவ்வாறு கருதவில்லை. மேகம் மறைத்தால் பேச்சு நின்றுவிடுமே!

ஒளி துகள் துகளாக இயங்கும் என்னும் கருத்தை ஐன்ஸ்டைன் 1905இல் வெளியிட்டார். ஒற்றைத் துகளுக்கும் விடை சொல்லும் ஒளிப்பெருக்கிக் குழாய்கள் பின்னர்த் தோன்றின. 1984இல் பென்னெட், பிரசார்டு ஆகிய இருவரும் ஓர் அரிய வழி கூறினர். இரகசியச் சாவியை ஒற்றைத் துகள்களில் ஏற்றி அனுப்பினால், இடையில் அவற்றை அளந்து பார்க்கும் ஒற்றன் தன்னையறியாமல் பிழைகளை உண்டாக்குவான். அப்பிழைகளே அவனைக் காட்டிக் கொடுக்கும். 1989இல் அவர்கள் குழுவினர் இதனைச் செய்து காட்டினர். துகள்கள் காற்றில் கடந்த தொலைவு ஏறக்குறைய 32 சென்டிமீட்டர்! அக்கருவியின் மின்பகுதிகள் அனுப்பும் செய்திக்கேற்ப வெவ்வேறு ஒலி எழுப்பினவாம். ஆகவே செவிட்டு ஒற்றனிடமிருந்தே அது காத்தது எனப் பின்னாளில் அவர்களே நகையாடினர்.

உணர்கருவியின் தரம் இங்கே ஏன் உயிர்நிலையாகிறது? ஒளியே படாதபோதும், வெப்பத்தால் விடுபடும் எலெக்ட்ரான் ஒன்று துகள் வந்ததுபோல் பொய்க்கணக்குக் காட்டும். வானத்தின் சிதறொளியும் உட்புகும். இவையும் பிழைகளே. ஒற்றன் செய்த பிழை எது, கருவி செய்த பிழை எது என்று பிரித்தறிய வழியில்லை. எல்லாவற்றையும் ஒற்றன் தலையிலேயே ஏற்றியாக வேண்டும். பிழை நூற்றுக்குச் சுமார் 11ஐ மிஞ்சினால் சாவியைக் கைவிட வேண்டியதுதான். இலை அசைந்தாலும் குரைக்கும் நாயைக் காவலுக்கு வைத்தவன், கள்வன் வந்த இரவை எங்ஙனம் அறிவான்? இவ்வுவமையை மாணவரிடம் நான் அடிக்கடி சொல்வதுண்டு.

ஆதலால் சிலிக்கான் உணர்கருவிகளை உறைநிலைக்கும் கீழே குளிர்வித்தனர். வேண்டிய நிறத்தை மட்டும் விடும் வடிகட்டிகளைப் பொருத்தினர். துகள் வரவேண்டிய நொடிப்பகுதியில் பதிவானதை மட்டுமே கணக்கில் கொண்டனர். பயன் கைகூடியது. 2007இல் கனேரித் தீவுகளில் லா பால்மாவிலிருந்து டெனெரீஃப் வரை 144 கிலோமீட்டர். 2017இல் சீனத்து மீசியஸ் செயற்கைக்கோளிலிருந்து நிலத்திற்கு 1,200 கிலோமீட்டர் வரை. நம் நாட்டில், அகமதாபாத்து விண்வெளிப் பயன்பாட்டு மையத்தில் 300 மீட்டர் தொலைவுச் சோதனை வென்றதாக 2021 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. வெயிலின் இடையூறு கருதி அதனை இரவிலேயே செய்தனர்.

பகலிலும் இது கூடும் என்பதை 2017இல் சீன ஆய்வாளர் சிங்காய் ஏரிப் பகுதியில் 53 கிலோமீட்டர் தொலைவுக்குக் காட்டினர். அவர்கள் கதிரொளி குன்றியுள்ள அகச்சிவப்பு அலைநீளத்தைத் தேர்ந்து, வந்த துகளைச் சிலிக்கான் உணரத்தக்க நிறத்திற்கு மாற்றிய பின்னரே எண்ணினர்.