நினைவுச் சின்னத்தின் விலை: ஸ்ரீரங்கப்பட்டணப் பதக்கம் முதல் வங்கியாளரின் மேசை வரை

முதலீட்டு வங்கியாளர்களின் மேசைகளில் கையளவு அக்ரிலிக் பாளங்கள் வரிசையாக நிற்பதுண்டு. ஒவ்வொன்றிலும் இரு நிறுவனங்களின் பெயர், ஒரு தொகை, ஒரு தேதி. ஒரு கையகப்படுத்தலோ பங்கு வெளியீடோ முடிவடைந்ததன் நினைவாக, அதில் பங்கேற்றோருக்கு வழங்கப்படும் இப்பொருளைத் தொழில் வட்டாரத்தில் 'டீல் டாய்' என்பர். பல கோடி ரூபாய் ஒப்பந்தத்தின் ஓரத்தில் நிற்கும் இச்சிறு பொருளுக்கும் விலை பேசப்படுகிறது. யாருடைய நினைவு, எந்தப் பொருளில், எத்தனை படிகளில் பதியப்பட வேண்டும் என்பதே அப்பேரத்தின் உட்பொருள். இக்கேள்வி இந்திய வரலாற்றுக்குப் புதிதன்று.

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் போரில் மடிந்தார். அவ்வெற்றியின் நினைவாகக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு பதக்கம் செய்வித்தது. பர்மிங்காமில் மேத்யூ போல்டனின் சோகோ நாணயச்சாலைக்கு அப்பணி சென்றது. கம்பெனிக்கு அது அறியாத இடமன்று. வட சர்க்கார் பகுதிகளுக்கான செப்புக் காசுகளை 1794இலேயே அச்சிட்டுத் தந்த இடம். கான்ராட் ஹைன்ரிக் கூக்ளர் அச்சு செதுக்கினார். ஒருபுறம் புலியை வீழ்த்தும் சிங்கம். மறுபுறம் கோட்டையின் மீதான தாக்குதல். வடிவம் அனைவருக்கும் ஒன்றே. உலோகம் மட்டும் வேறு. தலைமைப் பதவியினருக்குத் தங்கம், அடுத்த நிலையினருக்குப் பொன்முலாம் பூசிய வெள்ளி, பின்னர் வெள்ளி, வெண்கலம். படிவரிசையின் அடியில் நின்ற சாதாரணப் படைவீரருக்கும் சிப்பாய்க்கும் வெள்ளீயம்.

இப்பதக்கத்தின் பொருளியல் எளிது. அச்சு செதுக்கும் செலவு எண்ணிக்கையைச் சார்ந்ததன்று. ஒரு பதக்கம் அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் கூக்ளரின் உழைப்பு ஏறத்தாழ ஒன்றே. எண்ணிக்கை கூடக்கூட அச்செலவு பரவிக் குறைகிறது. நீராவி அழுத்தப்பொறி ஒவ்வோர் அடிப்பின் கூலியையும் குறைத்துவிடுகிறது. அதன்பின் விலையைத் தீர்மானிப்பது உலோகம் ஒன்றே. ஆகவே சிப்பாய்க்கு வெள்ளீயம் என்ற முடிவு மரியாதையின் படிவரிசையாகவும் கணக்கேட்டின் சிக்கனமாகவும் ஒருசேர அமைந்தது. காலம் மட்டும் அங்கே நெருக்கவில்லை. போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்தே பதக்கங்கள் உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்தன.

இன்றைய ஒப்பந்தச் சின்னத்தின் நேரடி மூதாதை ஒரு செய்தித்தாள் விளம்பரம். அமெரிக்காவின் 1933ஆம் ஆண்டுப் பங்குப்பத்திரச் சட்டம், புதிய வெளியீடுகளைப் பற்றி விளம்பரப்படுத்தக்கூடியவற்றைக் கடுமையாக வரையறுத்தது. எஞ்சியவை வெறும் விவரங்கள்: வெளியிடுபவர், தொகை, பொறுப்பேற்கும் வங்கிகள். அலங்காரமற்ற அக்கட்டத்துக்குக் 'கல்லறைக்கல்' என்ற பெயர் நிலைத்தது. சொல்ல வேறேதும் இல்லாத இடத்தில் பெயர்களின் வரிசையே எல்லாவற்றையும் சொல்லிற்று. 1979இல் ஐபிஎம் தன் 100 கோடி டாலர் கடன் வெளியீட்டைச் சாலமன் பிரதர்ஸுடன் இணைந்து நடத்துமாறு கேட்டபோது, தனித் தலைமையே வேண்டுமென்று மார்கன் ஸ்டான்லி அவ்வாய்ப்பையே இழந்தது. பெயர் நிற்கும் இடத்துக்கு அத்தனை மதிப்பு.

இவ்விளம்பரத்தைச் சிறிதாக்கி ஒளிபுகும் அக்ரிலிக்கினுள் பதிப்பதே சின்னத்தின் தொடக்க வடிவம். 1930களில் பிளெக்ஸிகிளாஸ், பெர்ஸ்பெக்ஸ், லூசைட் என்ற பெயர்களில் சந்தைக்கு வந்து, உலகப் போரில் விமானங்களின் ஒளிபுகும் மேல்மூடிகளுக்குப் பயன்பட்ட பொருள் இது. 1980களின் நிறுவன இணைப்பு அலையில் வடிவங்கள் பெருகின. எண்ணெய் நிறுவனத்துக்குப் பீப்பாய், விமான நிறுவனத்துக்கு இறக்கை என ஒவ்வொன்றுக்கும் தனி வார்ப்பச்சு தேவைப்பட்டது. போல்டன் காலத்து அச்சுச் செலவின் கணக்கு அவ்வாறு திரும்பி வந்தது.

பேரம் அங்கேதான் நிகழ்கிறது. வழங்குநர் தரும் விலைப்புள்ளியில் வடிவமைப்பு, வார்ப்பச்சு, ஒரு படியின் விலை, அவசரக் கட்டணம் ஆகியவை கலந்திருக்கும். அவற்றைப் பிரித்துக் காட்டக் கேட்பதே வாங்குவோரின் முதல் ஆயுதம். முப்பது படிகளுக்கும் ஐம்பது படிகளுக்கும் தனித்தனியே விலை கேட்டால் நிலைச்செலவு எவ்வளவு என்பது வெளிப்பட்டுவிடும். பின்னர் கூடுதல் படிகள் வேண்டின் வார்ப்பச்சுக்கு மீண்டும் பணம் தரத் தேவையில்லை என்பதை முன்னரே எழுதி வாங்குவது இரண்டாவது. வழக்கமான வடிவத்தை ஏற்றுக்கொள்வது மூன்றாவது.

ஆயினும் வழங்குநரின் கையே பெரும்பாலும் ஓங்கி நிற்கிறது. நிறைவு விருந்தின் நாள் குறிக்கப்பட்டுவிட்டது. தொகையும் பெயர்களும் இறுதி நாள்வரை மாறக்கூடும். ஒப்பந்தம் வெளியாகும்வரை இரகசியம் காக்க வேண்டியிருப்பதால் பலரிடம் விலைப்புள்ளி கேட்கவும் இயலாது. வங்கி பெறும் கட்டணத்தோடு ஒப்பிட்டால் சின்னத்தின் விலை அற்பம். ஆகவே வங்கியின் பெயரில் பேரம் பேச அமர்த்தப்படும் இளநிலை அலுவலர் காலத்தையே விலை கொடுத்து வாங்குகிறார்.

இப்பொருளுக்கு மதிப்பு உண்டா என்பதில் சட்டமும் ஒரு நிலைப்பாடு கொண்டுள்ளது. அமெரிக்கத் தரகர் நிறுவனங்கள் தொழில் தொடர்புடைய ஒருவருக்கு ஆண்டுக்கு 100 டாலருக்கு மேல் பரிசளிக்கத் தடை இருந்த காலத்தில், 2006இல் அவற்றின் ஒழுங்காற்று அமைப்பு, ஒப்பந்தத்தை நினைவுகூரும் அலங்காரச் சின்னங்கள் அவ்வரம்பில் சேரா என்று தெளிவுபடுத்தியது. இந்தியாவிலோ, பரிசாகக் கொடுத்துவிடும் பொருளுக்குச் செலுத்திய வரியை ஈடுசெய்துகொள்ளச் சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம் இடம் தருவதில்லை.

இந்தியாவில் 1992 வரை மூலதன வெளியீடுகளின் விலையைத் தில்லியின் கட்டுப்பாட்டு அலுவலகமே நிர்ணயித்தது. 15 ஆண்டுகள் கழித்து, 2007 ஜனவரியில், கோரஸ் நிறுவனத்துக்காகப் பிரேசில் நிறுவனம் ஒன்று பங்குக்கு 603 பென்ஸ் கேட்க, டாடா ஸ்டீல் 608 பென்ஸ் கேட்டு வென்றது. அத்தகைய பேரங்களின் ஆவணங்கள் பூட்டப்பட்ட அறைகளுக்குள் போய்விடுகின்றன. மேசையில் எஞ்சுவது பாளம் மட்டுமே.

அதுவும் எத்தனை காலம் எஞ்சும் என்பதைப் பேரமே முடிவு செய்கிறது. நல்ல வார்ப்பு அக்ரிலிக் பல பத்தாண்டுகள் தெளிவு மங்காது. விலை குறைக்க அதனிடத்தில் ஊற்றப்படும் பாலியெஸ்டர் பிசின் வெயில் பட்டு மஞ்சளாகும். தங்கப் பதக்கம் பெற்ற தளபதியின் பெயரை வரலாறு பல ஏடுகளில் காத்து வைத்திருக்கிறது. வெள்ளீயம் பெற்ற சிப்பாய்க்கோ அப்பதக்கமே ஏடு. சிக்கனம் எவர் தலையில் விழுந்தது என்று கேட்டால், ஒரு விலைப்புள்ளியும் வரலாற்று ஆவணமாகிவிடும்.